கடலடியில் கிடைத்த சாட்சி

1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியைச் சேர்ந்த எல்பா தீவுக்கருகே சில மீனவர்கள் கடலில் இருந்தார்கள். திடீரென்று மேகத்துக்கு மேலே இடி முழக்கம் போல் ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால், தீயும் புகையுமாக ஏதோ கடலில் வந்து விழுந்தது. படகுகளை விரட்டிக் கொண்டு போனார்கள். உயிரோடு ஒருவர்கூட அகப்படவில்லை.

விழுந்தது 'காமெட்' விமானம். சிங்கப்பூரில் புறப்பட்டு, கல்கத்தா, கராச்சி, ரோம் வழியாக லண்டன் போய்க் கொண்டிருந்தது. மாண்டவர்கள் 35 பேர்.

உலகத்தின் முதல் ஜெட் பிரயாணி விமானம் அது. 1952 மே 2-ந் தேதி சேவை தொடங்கியபோது பிரிட்டிஷார் பெருமையில் பூரித்துப் போனார்கள். ஆனால் சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே மே 2-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் நொறுங்கி விழுந்து 43 பேர் இறந்தனர். "புயலில் சிக்கியது" என்று அன்று காரணம் சொல்லப்பட்டது. எல்பாவில் என்ன நடந்தது? அங்கே புயல் எதுவும் இல்லையே!

காமெட்டுகளை நிறுத்தி வைத்து நிபுணர்கள் கூடி யோசித்தார்கள். தீப்பிடித்திருக்கலாம் என்று ஓர் ஊகம். வேறு பல ஊகங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் பரிகாரமாகப் பல மாறுதல்களைச் செய்து, மார்ச் 23-ந் தேதி மீண்டும் பறக்க விட்டார்கள். உண்மைக் காரணம் மட்டும் அகப்படவில்லை. பதினாறே நாட்கள்! ஏப்ரல் 8-ந் தேதி, ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. மேலும் 21 உயிர்கள் போயின.

இனி ஊகம் உதவாது என்று தெரிந்து போயிற்று. இரண்டாவது விமானம் விழுந்த இடம் மிகவும் ஆழம். அதை எடுக்க வழியில்லை. எல்பாவில் ஆழம் சுமார் 500 அடி. அங்கே பிரிட்டிஷ் கடற்படை டெலிவிஷன் காமிராவைக் கடலுக்குள் இறக்கித் தேடியது. அகப்பட்ட துண்டுகள் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே சர் ஆர்னால்ட் ஹாலின் குழுவினர் அவற்றை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பொருத்தி, உடைந்த விமானத்தை மறுபடி உருவாக்கினார்கள்.

இறந்தவர்களும் சாட்சி சொன்னார்கள். உடல்களைப் பரிசோதித்த பிஸா நகரத்துப் பேராசிரியர் அன்டோனியோ ஃபோர்னாரி, நுரையீரல்கள் கிழிந்திருப்பதைக் கண்டார். தீக்காயங்களோ உயிர் போன பின் ஏற்பட்டவை. அப்படியானால் தீ கொல்லவில்லை; விமானத்துக்குள் இருந்த காற்று ஒரு நொடியில் வெளியே பாய்ந்திருக்கிறது!

அது ஏன் வெளியே பாய்ந்தது? மிக உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். பிரயாணிகள் மூச்சு விடுவதற்காக உள்ளே காற்றை அடைத்து வைக்கிறார்கள். மேலே போகும் போதெல்லாம் விமானத்தின் உடல் பலூன் போலச் சிறிது விம்முகிறது, இறங்கியதும் தளர்கிறது. ஒரு கொண்டை ஊசியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. பல தடவைக்குப் பிறகு பட்டென்று ஒடியும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு.

இதைச் சோதிக்க, ஒரு முழுக் காமெட் விமானத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். காற்றை அடைத்துச் சோதித்தால் வெடிகுண்டு போல் வெடித்து விடும். தண்ணீர் என்றால் விரிசல் விட்ட இடம் கலையாமல் நிற்கும். முன்பு நிஜமாகப் பறந்த தடவைகளையும் சேர்த்து, சுமார் 3,060-வது 'பிரயாண'த்தில் அதன் உடல் பிளந்தது. கிழிசல் தொடங்கிய இடம், ஒரு ஜன்னலின் மூலை!

தையல் தெரிந்த பெண்களுக்கு இதில் அதிசயம் இராது. சதுரக் கழுத்து ரவிக்கை எங்கே முதலில் கிழிகிறது? மூலையில்தானே! எல்லா இழுப்பும் அங்கே வந்து குவிகிறது. சில வாரங்களில் எல்பா கடலிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு கூரைத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தது. அதிலும் திறப்பின் மூலையிலிருந்தே விரிசல் ஓடியிருந்தது. தொட்டியில் கண்டதற்குக் கடலே அத்தாட்சி கொடுத்து விட்டது.

1954 அக்டோபரில் பகிரங்க விசாரணை நடந்தது. கண்டுபிடித்ததை யாரும் மூடி வைக்கவில்லை. போட்டிக் கம்பெனிகளும் அதைப் படித்துப் பாடம் கற்றன. தடித்த தகடும் வட்டமான ஜன்னல்களும் கொண்ட புதிய காமெட் 1958-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது. யார் மீதும் பழி சுமத்துவதல்ல. 1951-ல் ஏற்பட்ட சர்வதேச விதி இதைத்தான் வற்புறுத்துகிறது. விபத்து மட்டுமல்ல, மயிரிழையில் தப்பிய சம்பவத்தையும் மறைக்காமல் தெரிவித்து ஆராய வேண்டும் என்பது இன்றைய முறை. இந்தியாவிலும் 2012-ல் இதற்கென்று தனி அலுவலகம் ஏற்பட்டிருக்கிறது.

அடுத்த தடவை விமானத்தில் ஏறும்போது, பக்கத்திலுள்ள ஜன்னலின் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். அது வளைந்திருக்கும். அந்த வளைவுக்குக் கொடுத்த விலை சிறியதல்ல.