தற்செயலுக்குள் ஒரு விதி

காசைச் சுண்டினால் பூவா, தலையா என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலாது. ஆனால், கணக்கற்ற முறை சுண்டும்போது அத்தற்செயலிலிருந்தே துல்லியமான ஒரு விதி பிறக்கிறது. கணித மாணவனான என்னைப் பெரிதும் கவர்ந்த அவ்விதியை நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அ, இ, உ என்னும் முனைகளைக் கொண்ட சமபக்க முக்கோணம் ஒன்றை வரைவோம். பக்க நீளம் 1 என்க. அதைத் தேன்கூட்டு அறைகள் போன்ற சிறு அறுகோணங்களால் நிரப்பி, ஒவ்வோர் அறைக்கும் காசு சுண்டுவோம். பூ விழுந்தால் நீலம். தலை விழுந்தால் மஞ்சள். உஅ பக்கத்தில் எ என்றொரு புள்ளி. அஇ பக்கத்தில் புறப்பட்டு, நீல அறைகள் வழியாக மட்டுமே சென்று, உஎ துண்டை அடைய வழி இருப்பதன் நிகழ்தகவு என்ன?

நீலத்தின் வழி அடைபட்டால், இஉ பக்கத்திலிருந்து எஅ துண்டுக்கு மஞ்சள் வழி கட்டாயம் திறக்கும். இரண்டும் ஒருசேர நிகழா. எனவே எ நடுப்புள்ளியாயின், சமச்சீரால் விடை 1/2. ஆனால் உஎ மூன்றில் ஒரு பங்கானால்? சமச்சீர் கைகொடாது. அறைகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை 1/3-ஐ நெருங்குகிறது. ஆம், துண்டின் நீளமே நிகழ்தகவு!

இது எங்கிருந்து வந்தது? பெலாவின், பொலியகோவ், சமோலோட்சிகோவ் ஆகிய மூவர் 1984-இல் இருபரிமாணப் புலக் கோட்பாடு ஒன்றை வகுத்தனர். கோணங்கள் மாறாமல் வடிவத்தை வளைத்தாலும் இயற்பியல் விதிகள் மாறா என்பதே அதன் அடித்தளம். அதைக் கொண்டு 1992-இல் ஜான் கார்டி, செவ்வகத்தைக் கடக்கும் நிகழ்தகவுக்குச் சிக்கலானதொரு சூத்திரம் தந்தார். முக்கோணத்தில் அது மேற்சொன்ன எளிய வடிவம் பெறுவதைக் கண்டவர் லென்னார்ட் கார்ல்சன்.

கணினிச் சோதனைகள் ஒத்துவந்தன, நிறுவல்தான் இல்லை. 2001-இல் ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவ், அறுகோண அறைகளுக்கு அதை நிகழ்தகவு முறையாலேயே நிறுவினார். பாதைகளின் நிறத்தை மாற்றினாலும் சில நிகழ்தகவுகள் மாறா என்ற எளிய கருத்தே அவரது திறவுகோல். 2010-இல் ஐதராபாத்தில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டில் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

அறுகோணங்களை விடுத்து, சதுரக் கட்டத்தின் கோடுகளுக்குக் காசு சுண்டினால்? விடை அதுவே என்று யாவரும் நம்புகின்றனர். ஆனால் நிறுவியவர் இன்னும் இல்லை. நம்பிக்கை எத்துணை உறுதியாயினும் நிறுவல் ஆகாது என்பதே கணிதத்தின் நேர்மை. அவ்விடைவெளியைக் கடக்கும் வழி, இன்று கணிதம் பயிலும் ஒருவருக்காகக் காத்திருக்கிறது.