ஊசிக்குள் இருக்கும் நஞ்சு

"இந்தப் புது ஊசி கென்சர மட்டும்தான் அடிக்குமாம், வேறொண்டும் செய்யாதாம். உண்மையா?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். பாதி உண்மை. மீதியை விளங்கிக்கொள்ள, அந்த ஊசி எதைச் சுமந்து செல்கிறது என்று பார்க்க வேண்டும்.

இவ்வகை மருந்துக்கு மூன்று பாகங்கள். புற்றுநோய்க் கலத்தின் மேலுள்ள புரதமொன்றை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஒன்று. கலத்தைக் கொல்லும் நஞ்சு மற்றொன்று. இரண்டையும் பிணைத்து வைக்கும் இணைப்பு மூன்றாவது.

மேட்டன்சின் என்ற நஞ்சை எடுத்துக்கொள்வோம். எத்தியோப்பியச் செடியொன்றிலிருந்து குப்சன் என்ற அமெரிக்க இரசாயனவியலாளரின் குழு அதைப் பிரித்தெடுத்து, 1972இல் அறிவித்தது. கலம் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழாய்களை அது உருவாகவிடாது. ஆனால் நோயாளிகளுக்குத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, கிடைத்த பயனைவிட உடல் பட்ட பாடே அதிகம். ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்த நஞ்சின் மாற்றுருவம் ஒன்றுதான் பின்னர் டிராஸ்டுசுமாப் என்ற பிறபொருளெதிரியோடு பிணைக்கப்பட்டு, ஹெர்2 புரதம் மிகுந்த மார்பகப் புற்றுநோய்க்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சாதாரண கீமோ மருந்தையே இப்படிக் கட்டி அனுப்பினால் என்ன? பெரும்பாலும் போதாது. இம்மருந்தில் ஒரு பிறபொருளெதிரி சராசரியாக மூன்று, நான்கு நஞ்சு மூலக்கூறுகளையே சுமக்கிறது. அதிலும் கட்டியைச் சென்றடைவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பமே கலத்தைக் கொன்றாக வேண்டும். தனியே கொடுக்கவிடாமல் தடுத்த அதே கடுமைதான் இங்கே தேவைப்படுகிறது.

பின்னர் வந்த டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் எட்டு மூலக்கூறுகள் வரை சுமக்கிறது. சீன மரமொன்றில் கண்டெடுத்த கம்ப்டோதெசின் வழிவந்த இந்த நஞ்சு, டீ.என்.ஏ. பிரதியாகும்போது வேலை செய்யும் நொதியமொன்றை முடக்குகிறது. உள்ளே விடுபட்டதும் கலமென்சவ்வைக் கடந்து பக்கத்துக் கலங்களையும் தாக்கும். ஹெர்2 குறைந்த கலங்களும் கலந்திருக்கும் கட்டியில் இது பெரிய நன்மை.

ஆனால் நஞ்சு நஞ்சுதான். முதல் மருந்தில் குருதிச் சிறுதட்டுகள் குறையலாம். இரண்டாவதில் நுரையீரல் அழற்சி வரலாம், சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியும். ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். கட்டியில் ஹெர்2 எந்த அளவில் இருக்கிறது என்ற பரிசோதனை முடிவை டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டெரக்ஸ்டெகான் ஏற்றுபவருக்குப் புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், "சளிதானே" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டொக்டருக்கு அறிவியுங்கள்.