பொருந்தும் உறுப்புகள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் அமைந்த ஊர் பெருமுக்கல். அங்குள்ள மலைக்குகையின் பாறையில் தொல்பழங்கால மாந்தர் கீறிய உருவங்களைக் காண ஆய்வாளர் பலர் வருவதுண்டு. அம்மலையடிவாரத்தில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தமக்கெனக் கணினி ஒன்றை உருவாக்க விழைகிறார் எனக் கொள்வோம். இப்பகுதியினர் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலையை விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் அதற்கென ஒதுக்கியுள்ளனர். உறுப்புகள் வாங்கச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்ல வேண்டும். தொலைவோ 120 கிலோமீட்டருக்கு மேல். பொருந்தாத உறுப்பு ஒன்றை வாங்கி வந்துவிட்டால், அதை மாற்ற மற்றொரு நாளும் மற்றொரு பயணச் செலவும் வேண்டும்; கடைக்காரர் திரும்பப் பெறுவார் என்பதற்கும் உறுதியில்லை. ஆதலால், கணினி முதலில் வீட்டிலேயே ஒரு தாளில் உருவாக வேண்டும்.

வெவ்வேறு நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒன்றோடொன்று இணைவது எவ்வாறு? 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, பிறர் செய்த உறுப்புகளைப் பெரிதும் பயன்படுத்தியது. அதன் தொழில்நுட்ப விவரங்களும் நூலாக வெளியிடப்பட்டன. அதனால் பலரும் அதற்கேற்ற உறுப்புகளைச் செய்யலாயினர். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, தாய்ப்பலகையின் நீள அகலங்களையும் திருகுத் துளைகளின் இடங்களையும் வரையறுத்தது. இன்று ஒரு நிறுவனத்தின் பலகை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் அமர்வதற்கு இதுவே காரணம்.

மூன்றும் ஒருங்கே

நுண்செயலி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தல் கூடாது. நுண்செயலியின் பொருத்துவாய் எவ்வகையோ, அவ்வகைப் பலகையே வேண்டும். பலகை எவ்வகையோ, அவ்வகை நினைவகமே வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பலகைகள் டி.டி.ஆர்.4 நினைவகத்தை ஏற்பவை. 2022இல் வந்த ஏ.எம்.5 பலகைகளோ டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 பலகைகளுள் இருவகையும் உண்டு என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. இவ்விரு நினைவகங்களிலும் வெட்டுப் பள்ளம் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. வலிந்து அழுத்தினால் முறியும்.

பெயரின் இறுதியில் நிற்கும் ஓர் எழுத்தும் பணத்தை வீணாக்கக்கூடும். ‘எஃப்’ என முடியும் இன்டெல் நுண்செயலிகளில் உள்ளமைந்த வரைகலைப் பகுதி செயல்படாது. விலை சற்றுக் குறைவென்று அதை வாங்கி, தனி வரைகலை அட்டை வாங்காமல் விட்டால் திரை இருண்டே கிடக்கும். நிரல் எழுதவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் கணக்குத் தாள்கள் உருவாக்கவும் உள்ளமைந்த வரைகலையே போதும். வரைகலை அட்டை வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்துவர். அவர்கள் நினைப்பது பெரும்பாலும் விளையாட்டை!

உள்ளமைந்த வரைகலை முதன்மை நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால், 16 ஜி.பி. அட்டை ஒன்றைக் காட்டிலும் 8 ஜி.பி. அட்டைகள் இரண்டை உரிய இடங்களில் பொருத்துவது விரைவு தரும். இரு வழிகளிலும் தரவு ஒரே நேரத்தில் செல்லும் என்பதே காரணம்.

சேமிப்பைப் பொறுத்தவரை இயங்குதளத்தைத் திண்மநிலை வட்டில் நிறுவுவதே தக்கது. சாட்டா வகை வட்டு நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பன்மடங்கு விரைவானது. இவ்விரண்டும் எம்.2 என்னும் ஒரே வடிவிலும் கிடைக்கின்றன. தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், பலகையின் கையேடு எதை ஏற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மின்சாரமும் வெயிலும்

பலரும் இறுதியில் எண்ணுவதும் மலிவாக முடிக்க விரும்புவதும் மின்வழங்கியை. கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் இதன் வழியாகவே செல்கிறது. தரமற்ற மின்வழங்கி பழுதுபட்டால், தன்னோடு பலகையையும் வட்டையும் சேர்த்தே அழிக்கக்கூடும். 65 வாட் எனக் குறிக்கப்பட்ட நுண்செயலி உழைப்பு மிகும்போது 90 வாட் வரை பெறலாம். பலகை, நினைவகம், வட்டு, விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் எனக் கொண்டால் மொத்தம் 150 வாட். பின்னாளில் 130 வாட் வரைகலை அட்டை ஒன்றைச் சேர்த்தாலும் 280 வாட்தான். எனவே 450 வாட் மின்வழங்கி போதும். 750 வாட்டுக்குப் பணம் தருவது வீண். ‘80 பிளஸ்’ முத்திரை, பெறும் மின்சாரத்தில் குறைந்தது எண்பது விழுக்காட்டை உறுப்புகளுக்கு வழங்கும் திறனைக் குறிக்கிறது.

மின்தடையும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் உள்ள ஊரில் யு.பி.எஸ். தேவையே. 600 வி.ஏ. என்று எழுதப்பட்டிருப்பது 600 வாட் அன்று. பொதுவாக 360 வாட் அளவே கிடைக்கும். செய்த வேலையைச் சேமித்துக் கணினியை நிறுத்த அது போதும். வீட்டில் நிலஇணைப்பு இல்லையெனில், பெட்டியைத் தொடும்போது மெல்லிய அதிர்ச்சி உண்டாகும். கணினி வாங்கும் முன்பே மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரிசெய்வது நன்று.

குளிரூட்டிய அறையில் அளந்து சொல்லப்படும் வெப்பநிலை பெருமுக்கல் வீட்டுக்குப் பொருந்தாது. அறையில் 25 பாகை இருக்கும்போது 70 பாகையில் இயங்கும் நுண்செயலி, கத்திரி வெயிலில் அறை 40 பாகையை எட்டினால் ஏறத்தாழ 85 பாகையைத் தொடும். வெப்பம் இன்னும் மிகுந்தால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே முகப்பில் கண்ணாடி பதித்த பெட்டியைவிட, காற்றுப் புகும் வலைமுகப்பும் கழற்றிக் கழுவத்தக்க தூசிவடிகட்டியும் உடைய பெட்டியே ஏற்றது. கல்குவாரிகளின் தூசியும் மரக்காணத்து உப்புக் காற்றும் இப்பகுதிக்கே உரியவை. மாதம் ஒருமுறையேனும் வடிகட்டியைத் தூய்மை செய்தல் வேண்டும்.

எங்கு வாங்கினாலும் வரியுடன் கூடிய விலைச்சீட்டைப் பெறுக. உறுப்பின் வரிசை எண் அதில் இருத்தல் நலம். அச்சீட்டின்றி, உறுதியளிக்கப்பட்ட காலத்துக்குள் பழுது நேர்ந்தாலும் மாற்றித் தருமாறு கேட்பது கடினம்.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் முடுக்கிவிட ஆவல் எழும். சற்றுப் பொறுத்து, உலோகம் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின், தாய்ப்பலகையை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து நுண்செயலி, குளிர்விப்பான், நினைவகம், வட்டு ஆகியவற்றை மட்டும் பொருத்தி மின்சாரம் தருக. திரையில் பயாஸ் பக்கம் தோன்றி, நினைவகத்தின் முழு அளவும் வட்டின் பெயரும் சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுக்கலாம்.