நைட்ரஜனுக்கு நேர் எதிரே

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் குத்தம்பாக்கத்தில் ஒருவருக்கு இன்று காசநோய் என்று தெரிந்தால், அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையை வாங்கி, பெரும்பாலும் ஆறு மாதம் வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதும். முதல் இரண்டு மாதம் ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற மூன்றும் பல்லின வளையச் சேர்மங்கள்.

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். கார்பன் அணுக்களால் ஆன வளையத்தில் ஓரிரு இடங்களை நைட்ரஜனோ ஆக்சிஜனோ கந்தகமோ பிடித்துக்கொண்டால் அது பல்லின வளையம். பென்சீனின் ஆறு கார்பனில் ஒன்று போய் அங்கே நைட்ரஜன் வந்தால் பிரிடின். ஓர் அணுதான் மாறியது; ஆனால் பென்சீன் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, பிரிடினோ எந்த அளவிலும் கலந்துவிடும். நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால், அந்த வளையம் புரதங்களோடு பிணைப்பு ஏற்படுத்தவும் வழி கிடைக்கிறது. நம் டிஎன்ஏவின் காரங்களும் பல பி வைட்டமின்களும் இதே வகைதான். அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறுமூலக்கூறு மருந்துகளில் 59 சதவீதத்தில் நைட்ரஜன் உள்ள வளையம் இருப்பதாக 2014இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

ஐசோனியசிட்டின் கதை விசித்திரமானது. பிராகில் ஹான்ஸ் மேயரும் ஜோசப் மாலியும் அதை 1912லேயே தயாரித்துவிட்டார்கள். ஒரு பிரிடின் எஸ்டரையும் ஹைட்ரசினையும் வினைபுரியவைத்தார்கள், கிடைத்ததை எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். காசநோய் கோடிக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்த நாற்பது ஆண்டுகள் அந்தப் பொருள் ஆய்விதழில் கிடந்தது. பிறகு, பென்சீன் வளையம் கொண்ட ஒரு காசநோய் மருந்தில் பிரிடினைப் பொருத்திப் பார்க்கலாமே என்று வேதியியலாளர்கள் முயன்றார்கள். பிரிடின் வளையமுள்ள நியாசினமைடு வைட்டமின் காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்குவது அதற்குள் தெரிந்திருந்தது. வழியில் கிடைத்த இடைநிலைப் பொருளையும் சோதித்தார்கள். சேர வேண்டிய இடத்தைவிட பாதி வழியில் கிடைத்ததே பல மடங்கு வீரியமாக இருந்தது. ரோஷ், ஸ்குவிப், பேயர் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1952இல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதை அறிவித்தன. ஆனால் பொருள் 1912லேயே அச்சில் வந்துவிட்டதால் அதற்கு யாராலும் காப்புரிமை கோர முடியவில்லை. விலை தரையோடு கிடந்தது. இந்த ஏழை நாட்டுக்கு அது பெரிய யோகம் என்பேன்.

இதில் இடமும் முக்கியம். ஹைட்ரசின் பகுதி வளையத்தில் நைட்ரஜனுக்கு நேர் எதிரே, நான்காம் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கிருமிக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். ஐசோனியசிட் நேரடியாகக் கொல்வதில்லை. கிருமியின் சொந்த நொதியான கேட்-ஜிதான் அதை உடைத்து உயிர்ப்பிக்கிறது. உடைந்த துண்டு, என்ஏடி என்ற துணை நொதியில் இருக்கும் இன்னொரு பிரிடின் வளையத்தில் ஒட்டிக்கொண்டு, கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்ட உதவும் நொதியை அடைக்கிறது. கேட்-ஜி மரபணு பழுதான கிருமிக்கு மருந்து பலிக்காது. ஐசோனியசிட் எதிர்ப்பின் முக்கியக் காரணம் இதுதான். அதே ஹைட்ரசின் நுனி நம் உடலின் பி6 வைட்டமினையும் பிடித்துக்கொள்வதால் சிலருக்குக் கால் மரத்துப்போகும், எரியும். கூடவே பி6 மாத்திரை கொடுப்பது அதனால்தான்.

இந்த மலிவான மாத்திரையை வைத்து உலகத்தின் எண்ணத்தையே மாற்றியது சென்னைதான். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் இன்றும் சொல்லும் காலம் அது: நோயாளியை மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்து, ஓய்வும் சத்துணவும் கொடுப்பதே வைத்தியம். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். 193 நோயாளிகளைச் சானடோரியம், வீடு என்று குலுக்கல் முறையில் பிரித்து, இரு தரப்புக்கும் ஐசோனியசிட்டும் பாஸ் என்ற மருந்தும் ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, குறைவான சாப்பாடு. 1959இல் வந்த முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. கூட வசித்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை.

மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு இன்று கைகொடுக்கும் பெடாகுயிலினும் பல்லின வளையம்தான்; குயினோலின் இனம். ஆனால் அது காப்புரிமையோடு பிறந்தது. அதன் உப்பு வடிவத்துக்கு மேலும் சில ஆண்டு உரிமை கேட்ட விண்ணப்பத்தை, காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் எதிர்த்தார்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் அதை நிராகரித்தது. அந்த ஆண்டு ஜூலையில் மூலக் காப்புரிமையும் முடிந்தது. இப்போது இந்திய நிறுவனங்களும் பெடாகுயிலின் தயாரிக்கின்றன.