கடைசி வாரங்களின் தீர்ப்பு

2024 ஜூலை 30ஆம் திகதி இரவு, பல்லேகலை. இந்தியாவுக்கு எதிரான டி20 தொடரின் மூன்றாவது ஆட்டம். இலங்கைக்கு 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் தேவை. கையில் 6 விக்கெட்டுகள். பாடசாலை அணிகூட எடுத்துவிடக்கூடிய கணக்கு. 19ஆவது ஓவரை வீச வந்தவர் ரிங்கு சிங், அடித்து ஆடுவதற்காகவே அணியில் இருப்பவர். அந்த ஓவரில் இரண்டு விக்கெட்டுகள் போயின. கடைசி ஓவரை அணித்தலைவர் சூரியகுமார் யாதவ் தானே எடுத்துக்கொண்டார். அவரும் பந்துவீச்சாளர் இல்லை. அதிலும் இரண்டு விக்கெட்டுகள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சுப்பர் ஓவரில் நம்மவர்கள் இரண்டே ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டையும் கொடுத்தார்கள். இந்தியா முதல் பந்திலேயே நான்கு அடித்துக் கதையை முடித்தது.

புல்மேட்டில் இருந்த சனம் எழுந்திருக்கவே இல்லை. அதே மைதானத்தில் 27ஆம் திகதி முதல் ஆட்டம். 214 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை ஒரு விக்கெட்டுக்கு 140 என்று நின்றது. பிறகு 30 ஓட்டங்களுக்குள் மீதி ஒன்பது விக்கெட்டும் போய் 170இல் சுருண்டது. மறுநாள் இரண்டு விக்கெட்டுக்கு 130இலிருந்து ஒன்பது விக்கெட்டுக்கு 161. மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் பின்பாதியில் சரிவு. அப்போது பயிற்றுவிப்பாளராக இருந்த சனத் ஜயசூரிய பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் இடைக்காலப் பதவி.

ஆட்டம் பார்க்கப் போன எங்களை வேனில் நாவலப்பிட்டிக்குத் திருப்பிக் கூட்டிவந்தவன் என்னிடம் படித்த பையன். கண்டியைத் தாண்டிப் பேராதனைப் பாலம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஆரம்பித்தான்.

“சேர், சனத்தையும் வீட்டுக்கு அனுப்பணும் சேர். இவருக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியல.”

“கொஞ்சம் பொறுடா. மனுசன் வந்து மூணு கிழமைதானே ஆச்சு.”

“மூணு மேட்ச் பாத்தமே சேர். இன்னும் என்ன பாக்கணும்?”

கம்பளை வரை இதே பேச்சுத்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவில் நாடு முழுக்க அப்படித்தான் பேசியிருக்கும். ஆனால் அடுத்த பத்து நாட்களில் நடந்ததைப் பாருங்கள். கொழும்பில் ஒருநாள் தொடரின் முதல் ஆட்டம் சமநிலை. இரண்டாவதில் காயமடைந்த ஹசரங்கவுக்குப் பதிலாக வந்த ஜெப்ரி வண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தார். மூன்றாவதில் துனித் வெல்லாலகே 27க்கு 5. 1997க்குப் பிறகு முதன்முறையாக இந்தியாவிடமிருந்து ஒருநாள் தொடரை வென்றோம். செப்டெம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில் பத்தும் நிசங்கவின் சதத்தோடு டெஸ்ட் வெற்றி. அதே மாதம் காலியில் நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு டெஸ்டிலும் வெற்றி. ஒக்டோபரில் ஜயசூரியவின் பதவியிலிருந்து ‘இடைக்கால’ என்ற சொல் எடுபட்டது.

பல்லேகலையில் தோற்றபோதும் ஓவலில் வென்றபோதும் பயிற்றுவிப்பாளர் ஒருவர்தான். எங்கள் தீர்ப்புத்தான் மாறியது. ஒரு தொடரின் கடைசிப் பகுதியைக் கொண்டு பயிற்றுவிப்பாளரின் முழுத் தகுதியையும் அளக்கிற பழக்கம் எனக்குப் பல வருடங்களாக வேதனை தருகிற விடயம். ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நம் நாட்டுத் தேசிய அணியில் இந்தக் கதிரை எப்படிச் சுழன்றது என்று பாருங்கள். 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டி முடிந்ததும் ட்ரெவர் பெய்லிஸ் போனார். அதே வருடம் வந்த ஜெப் மார்ஷ், தென்னாபிரிக்கச் சுற்றுப்பயணத்தில் தோற்றதும் 2012 ஜனவரியில் நீக்கப்பட்டார். கிரஹம் போர்ட் வந்தார், போனார். போல் பார்பிரேஸ் 2014இல் ஆசியக் கிண்ணமும் டி20 உலகக் கிண்ணமும் வென்ற கையோடு இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். மாவன் அத்தபத்து 2015இல் பாகிஸ்தானிடமும் இந்தியாவிடமும் சொந்த மண்ணில் தோற்றபின் பதவி விலகினார். போர்ட் மறுபடி வந்து, 2017இல் மறுபடி போனார்.

இதில் சந்திக ஹத்துருசிங்கவின் கதை தனி. நம் நாட்டுக்காக டெஸ்ட் ஆடியவர், பங்களாதேஷைத் தூக்கிவிட்டவர் என்று பெயர் எடுத்து 2018 ஆரம்பத்தில் பொறுப்பேற்றார். 2019 பெப்ரவரியில் இலங்கை தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்றது. ஆசிய அணி ஒன்று அங்கே டெஸ்ட் தொடர் வென்றது அதுவே முதல் தடவை. டர்பனில் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் எடுத்த 153ஐ மறந்தவர் யாரும் இல்லை. அதே வருட உலகக் கிண்ணத்தில் ஆறாவது இடம். அரையிறுதிக்குப் போகவில்லை. ஓகஸ்ட் மாதம், ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் மீதி இருக்க, விளையாட்டுத்துறை அமைச்சரின் வற்புறுத்தலில் அவர் விலக்கப்பட்டார். நட்டஈடு கேட்டு அவர் வழக்குக்குப் போனார்.

ஓர் அமைச்சர் ஏன் ஓர் அணியின் பயிற்றுவிப்பாளரைப் பற்றிப் பேசுகிறார் என்று வெளிநாட்டார் கேட்பார்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது. தேசிய அணியின் பெயர்ப் பட்டியலே அவருடைய அங்கீகாரத்துக்குப் போக வேண்டும். தெரிவுக்குழு வேறு, நிர்வாகம் வேறு, அமைச்சு வேறு. இந்த மூன்று பேர் சேர்த்துக் கொடுக்கும் அணியைத்தான் பயிற்றுவிப்பாளர் மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். வென்றால் எல்லோரும் படத்தில் நிற்பார்கள். தோற்றால் தனியே நிற்பது அவர்தான்.

2023இல் இது உச்சத்துக்குப் போனது. செப்டெம்பர் 17 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். முகமது சிராஜுக்கு 6 விக்கெட்டுகள். நவம்பர் 2, மும்பை வான்கடே மைதானத்தில் மறுபடி இந்தியாவிடம் 55. நான்கு நாட்களில் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தையே கலைத்து இடைக்காலக் குழு ஒன்றை நியமித்தார். நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நவம்பர் 10, சர்வதேச கிரிக்கெட் பேரவை அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கே நடக்க வேண்டிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. அமைச்சரும் அந்த மாதத்திலேயே பதவி இழந்தார். இத்தனைக்கும் நடுவில் பயிற்றுவிப்பாளர் கிறிஸ் சில்வர்வூட் நின்றார். ஒரு வருடத்துக்கு முன், 2022 ஆசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் மோசமாகத் தோற்ற அணியைத் தேற்றி, டுபாயில் பாகிஸ்தானை வென்று கிண்ணம் வாங்கித் தந்தவர் அவர்தான். 2024 டி20 உலகக் கிண்ணத்தில் முதல் சுற்றோடு வெளியேறியதும் சொந்தக் காரணங்களைச் சொல்லி விலகினார். அந்த இடத்துக்குத்தான் ஜயசூரிய வந்தார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே நாள் குறித்து நடக்கிறது. டொரொண்டோவில் இருக்கும் என் மருமகன் மூலம்தான் அமெரிக்கக் கால்பந்தை நான் பார்க்கப் பழகினேன். நித்தவலையில் ரக்பி பார்த்து வளர்ந்த கண்டிக்காரருக்கு அது ரக்பியின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரித் தெரியும். 32 அணிகள், செப்டெம்பரிலிருந்து ஜனவரி ஆரம்பம்வரை ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள், கிழமைக்கு ஒன்று. அந்த வழமையான சுற்று முடிந்த மறுநாளைக் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். பயிற்றுவிப்பாளர்கள் வரிசையாக வேலை இழக்கும் நாள்.

சிக்காகோ பெயர்ஸ் 1920இல் தொடங்கிய பழைய அணி. சுற்றின் நடுவில் தலைமைப் பயிற்றுவிப்பாளரை நீக்கிய வழக்கமே அதற்கு இருக்கவில்லை. 2024இல் மெட் ஈபர்புளூஸின் கீழ் அந்த அணி முதல் ஆறு ஆட்டங்களில் நான்கை வென்றது. அதன்பின் தொடர்ந்து ஆறு தோல்விகள். ஆறாவது நவம்பர் 28, நன்றி நவிலல் நாளில் டெட்ரொய்ட்டில். மூன்றே புள்ளிகள் பின்தங்கி, எதிரணிப் பக்கத்துக்குள் வந்து நின்றவர்கள், கையில் இருந்த ஓர் இடைவேளையைக் கேட்காமலே கடிகாரத்தை ஓடவிட்டார்கள். மறுநாள் காலை அவர் செய்தியாளர்களைச் சந்தித்தார், இன்னும் நான்தான் பயிற்றுவிப்பாளர் என்ற எண்ணத்தில். சிறிது நேரத்தில் நீக்கப்பட்டார். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி ஜெரொட் மாயோவை ஒரே ஒரு பருவத்தோடு, அதுவும் கடைசி ஆட்டத்தை வென்ற அன்றே, 2025 ஜனவரி 5இல் அனுப்பியது. அவருக்கு முன் அங்கே 24 பருவங்கள் இருந்து 6 கிண்ணங்கள் வென்றவர் பில் பெலிசிக். அப்படி ஒருவருக்குப் பின் வருகிறவருக்கு ஒரு வருடம் போதுமா?

அங்கே ஒன்று மட்டும் நல்லது. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் மீதியுள்ள காலத்துக்கான சம்பளம் வந்து சேரும். நம் ஊர்ப் பாடசாலைப் பயிற்றுவிப்பாளருக்கு ஒப்பந்தம் என்ற கடதாசியே பலவேளை கிடையாது.

பருவத்தின் பின்பகுதியில் அணிகள் ஏன் தளர்கின்றன? உடற்கல்வி ஆசிரியராகவும் கிரிக்கெட் பயிற்றுவிப்பாளராகவும் இந்த மலைப்பக்கத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலாவது உடம்பு. செப்டெம்பரில் பந்தெறியத் தொடங்கும் பதினேழு வயதுப் பையனின் முதுகு பெப்ரவரியில் அதே முதுகு இல்லை. வேகப்பந்து வீசுகிறவன் ஒருவன் விழுந்தால் அவனுடைய ஓவர்கள் மற்ற இருவர் தலையில் ஏறும்; பிறகு அவர்களும் விழுவார்கள். இரண்டாவது, எதிரணி நம்மைப் படித்துவிடுகிறது. ஆரம்பத்தில் யாருக்கும் புரியாத சுழல்பந்து ஜனவரிக்குள் எல்லாப் பாடசாலைக்கும் பாடமாகிவிடும். முதல் ஆட்டங்களை வென்ற அணிக்குத்தான் இது அதிகம் நடக்கும், அதைத்தான் எல்லோரும் கவனித்துப் பார்க்கிறார்கள்.

இங்கே இன்னொன்றும் உண்டு. டொலஸ்பாகை, கினிகத்தேனைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் பையன்களுக்குப் பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் வீடு இல்லை. பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம்தான் பயிற்சி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை அந்த ஒரு மணித்தியாலத்தையும் தின்றுவிடும். உயர்தர டியூஷன் வகுப்புகள் நெருங்க நெருங்க நல்ல துடுப்பாட்டக்காரன்தான் முதலில் பயிற்சிக்கு வராமல் விடுவான். நல்ல மாணவனும் அவன்தானே. ஆகக் கூடிய பயிற்சி தேவைப்படும் மாதங்களில் ஆகக் குறைந்த பயிற்சி. இதில் எது பயிற்றுவிப்பாளரின் குற்றம்?

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பாடசாலையில் எனக்கும் இது நடந்தது. ஜனவரிவரை வெற்றிகள், பெப்ரவரி முழுக்கத் தோல்விகள். கடைசி ஆட்டம் தோற்ற கிழமையிலேயே கூட்டம் போட்டார்கள். பழைய மாணவர்கள் சிலர் கோபமாகப் பேசினார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் முதல் பந்துவீச்சாளன் காய்ச்சலில் படுத்துக்கிடந்தான் என்பது அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த பருவத்துக்கு வேறொருவர் வந்தார். அதே பையன்கள், ஒரு வருடம் கூடிய உடம்போடு, நன்றாக ஆடினார்கள். மைதானத்துக்குப் போய்க் கைதட்டினேன், மனதாரத்தான் தட்டினேன். ஆனால் பயிற்றுவிப்பாளரை மாற்றியதால்தான் வென்றோம் என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். அந்த வாக்கியம்தான் இன்றும் உறுத்துகிறது. காரணத்தைத் தவறாக எழுதிவைத்தால் அடுத்தவரையும் அதே விதமாகத்தான் அனுப்புவார்கள்.

எந்தப் பயிற்றுவிப்பாளரையும் நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டால், காயம்பட்டவனை மறைத்து ஆடவைத்தால், தனக்கு வேண்டியவனுக்கு இடம் கொடுத்தால், முதல் மாதத்திலேயே அனுப்பலாம். அதற்குக் கடைசித் தோல்விவரை காத்திருக்கவே தேவையில்லை.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த குண்டசாலைப் பையன் ஒருவனுக்கு 14 வயதில் சுழலுக்கு மாறச் சொன்னவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தப் பையன் முத்தையா முரளிதரன். டெஸ்ட் அரங்கில் அவர் கால் வைத்தது 1992 ஓகஸ்டில். 800ஆவது விக்கெட்டை எடுத்தது 2010 ஜூலையில், காலியில். வேகம் விட்டுச் சுழலுக்கு மாறுகிற ஒரு பையன் முதல் பருவத்தில் எத்தனை பந்தைக் கையிலிருந்து வழுக்கவிடுவான், எத்தனை ஓட்டம் கொடுப்பான் என்று பயிற்றுவித்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த வருடத்துத் தோல்விக்குப் பயந்த எவரும் அப்படியொரு மாற்றத்தைச் சொல்லவே மாட்டார். வேலைக்குப் பயந்தவர் தயாராக இருக்கிற பெரிய பையனையே ஆடவைப்பார். பதினான்கு வயதுக்காரன் பெஞ்சிலேயே இருப்பான். வேலை நிச்சயமில்லாததால் நாம் இழப்பது இதைத்தான். இந்த இழப்பு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் வராது.

இப்போது நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்தில் பயிற்றுவிப்பாளராகப் போகிற இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கடதாசியில் எழுதி வாங்கச் சொல்கிறேன்: குறைந்தது இரண்டு பருவங்கள், கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் மீளாய்வு, அந்தக் கூட்டத்தில் காயப்பட்டியலும் பயிற்சிக்கு வந்தோர் இடாப்பும் மேசையில் இருக்க வேண்டும், அணியைத் தெரிவு செய்தவர்களும் அங்கே வந்து உட்கார வேண்டும். ஒரு பாடசாலையில் அதிபர் இதை வாசித்துவிட்டு இடாப்பு விடயத்துக்கு மட்டும் உடனே சம்மதித்தார். மற்றவற்றுக்கு அபிவிருத்திச் சங்கத்தைக் கேட்க வேண்டும் என்றார். வரும் கூட்டத்துக்கு நானும் போகிறேன்.