சளிக்குக் காவல் வயிற்றில்!

"டாக்டர், மூணு மாசத்துல இது நாலாவது தடவை. சளி விடவே மாட்டேங்குது!"

நாலு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளே பாதி தீர்ந்த சிரப் பாட்டில்கள். அவற்றில் இரண்டு ஆன்ட்டிபயாடிக். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கியவை.

"என்ன சாப்பிடறான்?" என்று கேட்டேன்.

"சளின்னு மோர், வாழைப்பழம், கீரை எல்லாத்தையும் நிறுத்திட்டேன். பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ்... அதான் உள்ள போகுது."

பையனின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினேன். 32. பயமில்லை. சாதாரண வைரஸ் சளி. வைரஸை ஆன்ட்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். ஆனால், அந்த மருந்து பிள்ளையின் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழிக்கும். அதுதான் என் கவலை.

மூக்குக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

சித்த மருத்துவம் படித்த நாட்களில், இருமலோடு ஒருவர் வந்தாலும் "பசிக்கிறதா? மலம் ஒழுங்காகப் போகிறதா?" என்றுதான் முதலில் கேட்கச் சொல்வார்கள். இன்றைய ஆராய்ச்சியும் இதே வாசலில் வந்து நிற்கிறது.

கீரை, பயறு, சிறுதானியத்தில் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, சிலவகைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, நோய் எதிர்ப்பு அணுக்களைப் பக்குவப்படுத்துகிறது.

2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், எலிகளுக்கு ஆன்ட்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தார்கள். பிறகு ப்ளூ வைரஸைக் கொடுத்தபோது அவற்றின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து போனது. 2018-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் இனுலின் என்ற நார்ச்சத்தை நிறையச் சாப்பிட்ட எலிகள் ப்ளூவை நன்றாகத் தாங்கின. வைரஸ் தாக்கிய செல்களை ஒழிக்கும் அணுக்கள் சுறுசுறுப்பாயின. நுரையீரலைப் புண்ணாக்கும் அளவுமீறிய வீக்கமோ குறைந்தது. இதே இனத்து நார்ச்சத்துதான் நம் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது!

"எலிக்குச் சரி, மனுஷனுக்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயம். 2017-ல் ஒடிசா கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பிறந்த குழந்தைகள் 4,500-க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு நல்ல பாக்டீரியாவையும் அதற்குத் தீனியான சர்க்கரைப் பொருளையும் சேர்த்து ஏழு நாட்கள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுதல் அல்லது மரணம் என்பது 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. நுரையீரல் தொற்றும் குறைந்தது.

உடனே கைக்குழந்தைக்கு மோரைப் புகட்டி விடாதீர்கள்! அது ஆய்வாளர்கள் அளந்து கொடுத்த மருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. குழந்தையால் செரிக்க முடியாத, ஆனால் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் சர்க்கரைகளை இயற்கையே தாய்ப்பாலில் வைத்திருக்கிறது.

அடுப்படியில் என்ன செய்யலாம்?

* தினமும் ஒரு கீரை அல்லது நாட்டுக் காய். அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, வாழைப்பூ எல்லாம் நல்லது.
* மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். சின்னக் குழந்தைக்கு நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.
* வாரத்தில் இரண்டு, மூன்று நாள் கம்பு அல்லது கேழ்வரகு.
* பகலில் நீர்மோர். சளி என்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். சீரகம், இஞ்சி தட்டிப் போடலாம்.
* சுத்தமான தண்ணீரில் ஊறிய பழைய சோறு, சின்ன வெங்காயத்தோடு. சர்க்கரை நோயாளிகள் அளவு பார்க்க வேண்டும்.

"இட்லி மாவும் புளிச்சதுதானே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆவியில் வேகும்போது அந்தப் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். இட்லி சுலபமாகச் செரிக்கும். நார்ச்சத்துக்குப் பருப்பும் காயும் போட்ட சாம்பார்தான் துணை.

வேலிதான், பூட்டு அல்ல

அந்தப் பையன் இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டான். பிறகு ஒருநாள் சாயங்காலம் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். மூச்சை எண்ணினேன். 48! விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கியது. கஷாயம் எதுவும் எழுதவில்லை. உடனே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நிமோனியா. அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது ஆன்ட்டிபயாடிக்தான்.

"நீங்க சொன்னதைத்தானே குடுத்தேன் டாக்டர்?" என்று அந்த அம்மா பின்னால் கேட்டார். "சாப்பாடு வேலிம்மா, பூட்டு இல்லை. வேலி இருந்தாலும் சில நாள் மாடு நுழையும்" என்றேன்.

ஆகவே மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் பார்த்து எழுதும் ஆன்ட்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். நீங்களாக வாங்காதீர்கள். தடுப்பூசிகளையும் தவற விடாதீர்கள்.

அந்த அம்மாவின் கைப்பையில் இப்போது பாட்டில்கள் இல்லை. போன வாரம் போன் செய்தார். "மூக்கு ஒழுகுது டாக்டர். எண்ணிப் பார்த்தேன், முப்பதுதான். நல்லா விளையாடறான்."

"ரசம் சாதம் குடுத்துத் தூங்க வைங்கம்மா" என்றேன்.