ஓடினேன்... பசித்தது... உட்கார்ந்து சாப்பிட்டேன்!

அன்றைக்கு ஓட வேண்டும் என்று திட்டம் போட்டு நான் ஓடவில்லை. பெரியவன் டிபன் பாக்ஸை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கூட வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம்! டிரைவர் கண்ணாடியில் பார்த்து வண்டியை நிறுத்தினார். பையன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றுகொண்டு சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எனக்கே புரியவில்லை. வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: நான் ஓடி 25 வருஷம் ஆகிறது!

யோசித்துப் பாருங்கள். பாவாடை கட்டின வயசில் நாம் எல்லோருமே ஓடினவர்கள்தான். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால்கூட ஓட்டம்தான். வயசுக்கு வந்த பிறகு, "மெதுவா நட, குதிக்காதே, நாலு பேரு பாக்கறாங்க." அப்புறம் நாமும் ஓடவில்லை, ஓட ஆசையாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

எங்களுக்குக் கோயமுத்தூர். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ரேஸ் கோர்ஸ். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோ மீட்டர், இரண்டு பக்கமும் மரங்கள், விடிவதற்கு முன்பே நடக்க வருகிற கூட்டம். அங்கே போய் ஓடப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றார். அத்தைதான் விடவில்லை.

"ஏனம்மிணி, ரெண்டு புள்ளை பெத்த ஒடம்பு. ஓடுனா கர்ப்பப்பை எறங்கிப் போகும். நாஞ் சொல்றதைச் சொல்லிப்போட்டேன்."

அத்தை மட்டுமா சொன்னார்? உலகமே சொன்னது! 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டார்கள். 'பெண் உடம்பு இதைத் தாங்காது' என்று கூச்சல் கிளம்ப, அந்தப் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். 1960இல் ரோமில்தான் திரும்ப வந்தது. பெண்களுக்கு மாரத்தான் கிடைத்ததோ 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸில். நம் பி.டி. உஷா நூற்றில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை விட்டாரே, அதே ஒலிம்பிக்ஸ். ஓடுவதால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார் எங்கள் டாக்டரம்மா.

ஆனால் அத்தையின் பேச்சில் ஒரு பாதி நியாயம் உண்டு. பிரசவமான உடனே ஓடக் கூடாது. குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சிசேரியன் என்றால் இன்னும் நிதானம். தும்மினாலோ ஓடினாலோ சிறுநீர் சொட்டுகிறதா? பல தாய்மார்களுக்கு உண்டு, வெளியே சொல்வதில்லை. சிறுநீரையும் வாயுவையும் அடக்குகிற மாதிரி அடிவயிற்றுக்குக் கீழே இறுக்கி, ஐந்திலிருந்து பத்து எண்ணித் தளர்த்துங்கள். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. இரண்டு மூன்று மாதத்தில் பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டாலோ, அடியில் ஏதோ பாரமாக இறங்குகிற மாதிரி இருந்தாலோ டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பால் கொடுக்கிறவர்கள் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு ஓடினால் பாரம் தெரியாது.

நான் ஓடின லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படியே இருபது நிமிஷம். வாரம் மூன்று நாள். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் ஜாஸ்தி. நல்ல ஷூவும் பொருத்தமான உள்ளாடையும் அவசியம், மற்றபடி சுடிதாரே போதும். எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மெஷினில் ஏறி நிற்பதற்காக நான் ஓடவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று யாரும் கூப்பிட முடியாது. அதுவே பெரிய சுகம்!

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒரு செவ்வாய்க்கிழமை வரை. பாதிச் சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நடக்க வந்த ஒரு பெரியம்மா தண்ணீர் கொடுத்து, "ராத்திரி என்ன சாப்பிட்டே கண்ணு?" என்றார்.

என்ன சாப்பிட்டேன்? எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டு முடித்தபோது மாவு தீர்ந்திருந்தது. மத்தியானத்து ரசம் சாதம் கொஞ்சம் இருந்ததை, அடுப்படியில் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொண்டேன். கையோடு ஒரு காபி. அன்றைக்கு மட்டுமல்ல, அநேகமாக எல்லா நாளும் அப்படித்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். டாக்டரம்மா ஆச்சரியப்படவே இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. "ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்க. மாத்திரை தரேன், அதைக் காபியோட போடாதீங்க. முதல்ல உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றார். சோற்றில் குறையில்லாத வீட்டில், சமைக்கிறவளுக்கே ரத்தம் இல்லை! எனக்கு வெட்கமாக இருந்தது.

புதிதாக எதையும் வாங்கவில்லை. அத்தையின் கைப்பக்குவம்தான் திரும்பி வந்தது. வாரம் இருமுறை அரிசியும் பருப்பும் சாதம்: இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வர மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் சேர்த்து ஒன்றாக வேகவைத்து, மேலே நெய். அரிசியில் குறைகிற புரதச் சத்தைப் பருப்பு ஈடுகட்டிவிடுகிறது. கொள்ளு, பச்சைப் பயறு கடைசல் மற்ற நாட்களில். ராகிக் களியோ கம்மங்கூழோ காலையில். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கீரை, பயறு என்று எது செய்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்கிறேன், அல்லது ஒரு நெல்லிக்காய். இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட அது உதவும். காபி, டீயை மட்டும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவிட்டேன். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது!

ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழம். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோரும் ஓர் உருண்டையும். அந்த உருண்டையைப் பாகு காய்ச்சாமலே செய்யலாம். ஒரு கப் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கிக்கொள்ளுங்கள். அரை கப் கறுப்பு எள்ளை, பொரிகிற சத்தம் கேட்கும் வரை வெறும் வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். முக்கால் கப் பொடித்த வெல்லம், இரண்டு ஏலக்காய் சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். கடலையின் எண்ணெய்ப் பிசுக்கிலேயே உருட்ட வரும். ஈரமில்லாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும், வீட்டில் பிள்ளைகள் விட்டால்!

நாலு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.8. மெதுவாகத் திரும்ப ஓட ஆரம்பித்தேன். ஓடினால் பசிக்கிறது, அந்தப் பசிக்கு அடிச்சட்டி ரசம் சாதம் பதில் சொல்வதில்லை. இப்போது ராத்திரி எல்லோருமாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். கடைசித் தோசையை வீட்டுக்காரர் வார்க்கிறார். ஓரம் கருகத்தான் செய்கிறது, நான் வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் ஓடிவிட்டு வந்தபோது உருண்டை டப்பா காலி. சின்னவன் வாயெல்லாம் எள். முறைத்துக்கொண்டு நின்றேன். அத்தை பூஜை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

"உனக்குன்னு ரெண்டு ஒளிச்சு வெச்சேன். கால் கழுவிட்டு வந்து உக்காந்து தின்னு, அம்மிணி."